முப்பது கேள்விகளும் விட்டுப்போன ஒன்றும்: ஒரு எச்.ஓ.வின் விமர்சனம்

விலை இலவசம். ஏ4 தாளில் ஒரு பக்கம் கேள்வி, கூட்டிப் பார்க்க இன்னும் இரண்டு பக்கம். எனக்குச் செலவானது டவுனில் கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்த காசும், ஆட்டோவுக்குக் கொடுத்ததும்தான்.

வழக்கமாக நான் விமர்சனம் எழுதுவது ஸ்டெதஸ்கோப், சப்பாத்து, டோர்ச் இப்படிப்பட்ட சாமான்களுக்கு. போன தடவை ஐந்து நட்சத்திரம் போட்ட சப்பாத்தின் அடி கழன்றுவிட்டது, அதை நம்பி வாங்கியவர்கள் மன்னிக்கவும். இந்த முறை சாமான் ஒரு கேள்வித்தாள். பெயர் புரொஃபெஷனல் குவாலிட்டி ஒஃப் லைஃப், சுருக்கமாக புரோகுவோல். பெத் ஹட்னல் ஸ்டாம் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. நான் பாவித்தது 2009-இல் வந்த ஐந்தாவது பதிப்பு. மற்றவர்களின் வேதனையோடு புழங்குவதே தொழிலாகிப்போனவர்கள் தங்களைத் தாங்களே அளந்து பார்க்க வைத்திருக்கும் அளவுகோல். மொத்தம் முப்பது வசனம். கடந்த 30 நாட்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 1, ‘மிக அடிக்கடி’ என்றால் 5 போட வேண்டும்.

போடுகிற ஆள் யார் என்று தெரியாமல் இந்த விமர்சனத்தால் பிரயோசனம் இல்லை. நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். மட்டக்களப்பில் மருத்துவம் படித்து, முடிவு வந்த பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்து, இப்போது மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்ன், எச்.ஓ. (ஹவுஸ் ஒஃபிசர்) என்பதும் அதுதான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். இன்டர்ன்ஷிப் பன்னிரண்டு மாதம், ஆறு ஆறு மாதமாக இரண்டு வார்ட். எனக்கு முதல் ஆறு மாதம் மெடிசின், இப்போது சிறுவர் வார்ட், இது பதினோராவது மாதம். கேள்வித்தாளை இரண்டு தடவை நிரப்பினேன், மெடிசினில் நான்காவது மாதத்தில் ஒன்று, போன மாதம் ஒன்று. ஒரே தடவை நிரப்பியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் குறைகள்.

‘ஐந்து பத்து நிமிடம் போதும்’ என்றுதான் எனக்கு இதை அனுப்பிய பட்ச்மேட் சொன்னாள். எனக்கு ஐம்பது நிமிடம் போனது. நைட் முடிந்து, காலை ரவுண்ட் முடிந்து, கென்டினில் பிளேன்டியும் கட்டா சம்பலோடு இரண்டு ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் வார்ட்டிலிருந்து மூன்று கோல். ஐந்தாவது வசனம், எதிர்பாராத சத்தத்துக்குத் திடுக்கிடுகிறேனா என்பது. அதை வாசிக்கும்போதே போன் அடித்தது, பிளேன்டி தாளில் கொட்டியது. 5 போட்டேன். அந்த ரிங்டோனைப் பிறகு மாற்றிவிட்டேன், ஆனால் பஸ்ஸில் யாருடைய போனிலாவது அதே சத்தம் வந்தால் கை இன்னும் பொக்கெட்டுக்குத்தான் போகிறது.

இரண்டாவது குறை கூட்டல். முப்பதும் மூன்றாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் பத்து. வேலை தரும் நிறைவு ஒன்று. எரிந்து தீர்வது இரண்டாவது, பேர்ன்அவுட் என்று எல்லோரும் சொல்வது. மற்றவரின் அதிர்ச்சி நம்மில் ஒட்டிக்கொள்வது மூன்றாவது. எரிதல் பகுதியில் 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்து வசனங்களுக்கும் போட்ட எண்ணைக் கவிழ்க்க வேண்டும். 5 போட்டிருந்தால் 1, 4 போட்டிருந்தால் 2. ‘நான் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்ற முதல் வசனத்துக்கு 5 போட்டால் எரிதல் குறைவு என்றுதானே அர்த்தம், ஆகவே நியாயம்தான். ஆனால் இருபத்தெட்டு மணித்தியாலம் தூங்காத ஒருத்திக்குக் கொடுக்கிற கணக்கா இது? நான் கவிழ்க்காமலே கூட்டினேன். 41 வந்தது. 42 என்றால் ‘உயர்’. ஒரு புள்ளிதான் மிச்சம் என்று நினைத்து, ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுக் குவாட்டர்ஸுக்குப் போய்க் குப்புறப் படுத்தேன். பின்னேரம் எழும்பித் திரும்பப் பார்த்தால் ஐந்து எண்களும் கவிழவே இல்லை. கவிழ்த்துக் கூட்டினால் 33. ஒரு பகல் முழுதும் எட்டுப் புள்ளி அதிகமாக எரிந்திருக்கிறேன்.

மூன்றாவது, தரம் பிரிக்கிற விதம். 22-உம் அதற்குக் கீழும் ‘குறைவு’, 42-உம் அதற்கு மேலும் ‘உயர்வு’, நடுவில் 23-லிருந்து 41 வரைக்கும் எல்லாம் ‘சராசரி’. இவ்வளவு அகலமான சராசரி எங்கள் ரோட்டில்கூட இல்லை. என் முதல் தடவை எண்கள் நிறைவு 34, எரிதல் 33, ஒட்டிக்கொண்டது 24. இரண்டாவது தடவை நிறைவு 40, எரிதல் 29, ஒட்டிக்கொண்டது 32. ஆறும் சராசரி. நான்காம் மாதத்து நானும் பத்தாம் மாதத்து நானும் ஒரே ஆள் என்கிறது தாள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரிகிறது, அதற்கு வருகிறேன்.

ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். சில வசனங்களில் ‘ட்ரோமா’ என்று வருகிறது. எங்களுக்கு ட்ரோமா என்றால் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸும் உடைந்த தொடை எலும்பும்தான். மனசுக்குப் பட்ட அடியைச் சொல்கிறார்கள் என்று பிடிபட இரண்டு வாசிப்பு தேவைப்பட்டது.

இனி நல்லது. இந்தத் தாளில் மூன்றையும் கூட்டி ஒரே மொத்தமாக்கும் இடம் இல்லை. முதலில் இதையும் குறையாகத்தான் நினைத்தேன். பரீட்சை எழுதியே வளர்ந்த நமக்கு மொத்தப் புள்ளி வேண்டும், முடிந்தால் ராங்கும் வேண்டும். ஆனால் இந்தச் சாமானின் உயிரே அந்த மொத்தம் இல்லாததில்தான் இருக்கிறது. நிறைவு கூடினால் களைப்பு குறையும், களைத்தவனுக்கு வேலை பிடிக்காது என்றுதானே நினைப்போம். என் எண்களில் நிறைவும் கூடியிருக்கிறது, ஒட்டிக்கொண்டதும் கூடியிருக்கிறது, எரிதல் மட்டும் இறங்கியிருக்கிறது.

எரிதல் இறங்கியதன் காரணம் எனக்குத் தெரியும். மெடிசினில் எங்கள் யூனிட்டுக்கு எச்.ஓ. இரண்டு பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நைட். சிறுவர் வார்ட்டில் நான்கு பேர். நான் ஞானம் பெறவும் இல்லை, யோகா செய்யவும் இல்லை. ரோஸ்டரில் இரண்டு பெயர் கூடியது, நாலு புள்ளி இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பேர்ன்அவுட்டை நோயாகப் போடவில்லை, தொழில் சார்ந்த ஒரு நிலை என்றுதான் வைத்தது. வேலைத்தலத்து அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் நாட்பட்டால் வருவது. இன்டர்ன்களுக்கு மன அழுத்த வகுப்பு எடுக்க வருகிறவர்கள், மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதற்கு முன் சுவரில் ஒட்டியிருக்கும் ரோஸ்டரை ஒரு தடவை வாசித்துவிட்டு வந்தால் நல்லது.

ஒட்டிக்கொண்டது கூடியது வேறு விஷயம். கொம்பேஷன் ஃபட்டீக் என்ற சொல்லை 1992-இல் கார்லா ஜொயின்சன் தாதியரைப் பற்றி எழுதும்போது பாவித்தார், 1995-இல் சார்ள்ஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் அதை விரித்து எழுதினார். தமிழில் பரிவுச் சோர்வு என்று எழுதுகிறார்கள். எங்கள் அப்பாயிக்கு இது எதுவும் தேவைப்பட்டதில்லை. ‘அவனுக்கு நெஞ்சுல ஈரம் காஞ்சு போச்சு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். எனக்கு எங்கே காய்ந்தது என்று சொல்கிறேன்.

மெடிசின் யூனிட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிற வைத்தியர் நான் ஒருத்திதான். கொன்சல்டன்ட், ரெஜிஸ்ட்ரார், மற்ற எச்.ஓ. எல்லோரும் சிங்களம். நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலானோர் தோட்டத்து ஆட்கள். ரெஜிஸ்ட்ரார் அண்ணா ஆங்கிலத்தில் நாலு சொல் சொல்வார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘நங்கி, ஒயா கியலா தென்ன’, தங்கச்சி, நீங்களே விளங்கப்படுத்துங்கள் என்பார். அவருடைய நாலு சொல்லுக்கு என் தமிழில் இருபது நிமிடம்.

ஒரு அம்மா. புருஷனுக்கு ஈரல் முழுதும் பழுதாகி, மூன்றாவது தடவையாக இரத்த வாந்தி. கொரிடோர் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில், ட்ரொலி போக வழிவிட்டு ஒதுங்கி நின்று பேசினோம். ‘டொக்டர் அம்மா’ என்றுதான் ஆரம்பித்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அதோடு டொக்டர் அம்மா போய்விட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘நீ நம்ம புள்ளதானே, அவங்க சொல்றத வுடு, நீ உண்மைய சொல்லு’ என்றார். அவங்க சொன்னதும் அதே உண்மைதான். ஆனால் அவர் காதில் புருஷன் இனிப் பிழைக்க மாட்டார் என்ற செய்தி என் குரலில், எங்கள் தோட்டத்துத் தமிழில்தான் விழுந்தது. ரெஜிஸ்ட்ரார் அண்ணா ‘ப்ரொக்னோசிஸ் பூவர்’ என்று டிக்கெட்டில், நோயாளியின் குறிப்புத் தாளில், எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். எனக்கு அந்தச் சொல் இல்லை. ‘இனிமே கஷ்டம்மா’ என்றேன். பிடித்த கையை அவர் உடனே விடவும் இல்லை.

அடுத்த வாரம் சேர்ஜிக்கல் வார்ட்டிலிருந்து கோல், ‘கொஞ்சம் வந்து ஒரு ஆளுக்குச் சொல்ல முடியுமா?’ கால் எடுக்க வேண்டும் என்று சொல்ல. அதற்குப் பிறகு பிரசவ வார்ட், குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை என்று சொல்ல. என்னுடைய நோயாளிகள் இல்லை, என் ரோஸ்டரிலும் இல்லை, ஓவர்டைம் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் சைகை காட்டிச் சொல்வார்கள், அல்லது துப்புரவு வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். போனேன்.

முப்பது வசனத்தில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. தாளின் அடியில் பேனாவால் முப்பத்தோராவது எழுதிச் சேர்த்தேன். ‘மற்றவர் சொல்ல வேண்டிய கெட்ட செய்தியை இந்த 30 நாளில் எத்தனை தடவை என் வாயால் சொன்னேன்?’ 1 முதல் 5 வரை போதவில்லை. விரல் விட்டு எண்ணினால் பதினொன்று.

அதே மொழிதான் மற்றப் பக்கத்தையும் நிரப்பியது. வீசிங் என்று மாதத்துக்கு ஒரு தடவை அட்மிட் ஆகிற ஒரு பாட்டி. டிக்கெட்டில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதியிருந்தது. பையைக் கொட்டச் சொன்னேன். வெற்றிலை, கிளினிக் கொப்பி, முறுக்கிக் கட்டிய சீலைத்துண்டுக்குள் டீபீ (ட்ரை பவுடர்) கெப்சூல். ‘இத எப்புடிப் பாட்டி எடுக்குறீங்க?’ என்றால், ‘காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, சுடுதண்ணியோட’. உறிஞ்சி இழுக்க வேண்டிய தூள் கெப்சூலை விழுங்கியிருக்கிறார், மூன்று வருஷமாக, ஒரு நாளும் தவறாமல். இவரைவிட ஒழுங்காக மருந்து எடுத்தவர் அந்த வார்ட்டிலேயே இருந்திருக்க மாட்டார். ஹேலர் ஒன்று எடுத்துக் கெப்சூலைப் போட்டு, ‘பீடி இழுக்குற மாதிரி இழுங்க’ என்றேன். கட்டில் மூன்றிலிருந்தும் சிரிப்பு. இரண்டு தடவை ஊதினார், மூன்றாவது தடவை இழுத்தார், உள்ளே கெப்சூல் கடகடவென்று ஆடிய சத்தம் கேட்டது. ‘அடியே, இதுக்குத்தானா இந்தப் பிளாஸ்டிக்கு! நான் பேரனுக்கு விளையாடக் குடுத்திட்டேன்.’ பிறகு நான் அந்த யூனிட்டை விட்டு வரும்வரை அவர் வீசிங்கோடு வரவில்லை. உதவ முடிவதில் திருப்தி வருகிறதா என்று ஒரு வசனம் இருக்கிறது. அதற்கு யோசிக்காமல் 5.

ஆக நிறைவும் ஒட்டிக்கொள்வதும் எனக்கு ஒரே குழாயில் வருகிறது. ஒன்றை மட்டும் மூட முடியாது. இந்தத் தாள் எனக்குக் காட்டித்தந்தது இதைத்தான், மொத்தம் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று மறைந்திருக்கும்.

இருபத்தொன்பதாவது வசனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நான் மிகவும் பரிவுள்ள ஆள்’ என்பது. முதல் தடவை வாசித்தபோது சிரிப்பு வந்தது. எந்த டொக்டர் இதற்கு இல்லை என்று போடுவார்? நேர்முகப் பரீட்சைக்கு வந்தவள் மாதிரி 5 போட்டேன். இரண்டாவது தடவை அந்த இடத்தில் பேனா நின்றது.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், சிறுவர் வார்ட்டில், நியூமோனியாவோடு ஒன்றரை வயதுப் பிள்ளை, நாலாவது நாள். மருந்து ஏற்ற நரம்பில் போடும் கனியூலா மூன்றாவது தடவையாகக் கழன்றிருந்தது. அன்று காலை நான் குத்தியது ஏழாவது பிள்ளையோ எட்டாவதோ, நரம்பு கிடைக்கவில்லை, பிள்ளை கத்துகிறது, அம்மா பிள்ளையின் காலைப் பிடித்திருக்கிறார். அவர் விரல்களில் கொழுந்துக் கறை, நகத்தைச் சுற்றிக் கறுப்பாக. அந்த நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார், ‘மிஸ், நாளைக்கு டிக்கட் வெட்டுவீங்களா? நாலு நாளா பேர் இல்ல.’

‘புள்ள முக்கியமா, பேர் முக்கியமா?’ என்று கத்தினேன். வார்ட் முழுக்கக் கேட்டிருக்கும். எல்லோர் முன்னாலும், எல்லோருக்கும் விளங்குகிற தமிழில்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியூர் வாசகர்களுக்கு: டிக்கட் வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் பெயர், அதுதான் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போன நாளும், எனக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளும் எங்கள் அம்மாவுக்குப் பேர் இல்லை. சிங்கள எச்.ஓ. யாராவது அப்படிக் கத்தியிருந்தால், ‘இவர்களுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்’ என்று குவாட்டர்ஸில் உட்கார்ந்து நானே பேசியிருப்பேன். பின்னேரம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்ல மிஸ், நீங்களும் பாவம், தூங்காம’ என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

இருபத்தொன்பதுக்கு 3 போட்டேன். கவிழ்த்தாலும் 3.

இந்தத் துறையில் இன்னொரு பிரபலமான கேள்வித்தாள் உண்டு, மஸ்லாக் பேர்ன்அவுட் இன்வென்டரி, 22 வசனம், 1981-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பாவிக்கக் காசு கட்ட வேண்டும், ஆகவே என் சம்பளத்துக்கு அது கண்காட்சிச் சாமான். ஆனால் ஒரு விஷயத்தில் அது மேல். நோயாளியை மனிதராக நினைக்காமல் பொருளாக நடத்துவதை அது நேரடியாகக் கேட்கிறது. ‘பெட் பதினாலுக்கு பொட்டாசியம் அனுப்பியாச்சா?’ என்று நாள் முழுதும் பேசுகிற நமக்கு அது தேவையான கேள்வி. புரோகுவோலில் அந்தக் கூர்மை இல்லை. பரிவுள்ள ஆளா என்று கேட்டு நம்மையே நமக்குச் சாட்சி சொல்ல விடுகிறது, நான் 3 போட்டது என் நல்ல காலம்.

நிரப்பி முடித்த பிறகு என்ன செய்வது என்பதிலும் தாள் கொஞ்சம் கைவிட்டுவிடுகிறது. இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல என்று சொல்கிறார்கள், எண்கள் கவலை தந்தால் யாரிடமாவது பேசுங்கள் என்பதுதான் அதன் சாரம். நாம் யாரிடம் பேசுவது? வார்ட்டில் அழுதால் ‘மெடிசின் உனக்குச் சரிவராது’ என்பார்கள். நம் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவரிடம் போய் ஒட்டிக்கொண்டது 32 என்று சொல்வதா? எங்கள் சைக்கியாட்ரி எம்.ஓ. (மெடிக்கல் ஒஃபிசர்) அக்கா ஒருவர் இருந்ததால் எனக்குத் தப்பியது. அப்படி ஒருவர் இல்லாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926-ஐப் போனில் போட்டு வையுங்கள். நோயாளிக்குக் கொடுக்கிற இலக்கம்தான், நமக்கும் வேலை செய்யும்.

எங்கள் வார்ட் மிஸி (தாதி) ஒருவருக்கும் தாளைக் கொடுத்தேன், இருபது வருஷ சேவை. நான் வசனங்களைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் எண் போட்டார். ‘நான் எப்போதும் ஆக விரும்பிய ஆளாகவே இருக்கிறேன்’ என்பதைத் தமிழாக்கவே எனக்கு மூன்று முயற்சி போனது. அவர், ‘நான் ஆக விரும்பினது டீச்சர், அதுக்கு எத்தன போடணும்?’ என்றார். விட்டுவிட்டோம்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சராசரியின் அகலத்துக்கு ஒன்று, மொழி சுமக்கிறவர்களைக் கேட்காமல் விட்டதற்கு அரை வெட்டிவிட்டேன். காசு கேட்டிருந்தால் இன்னும் வெட்டியிருப்பேன்.

எடுக்க நினைக்கிறவர்களுக்கு: நைட் முடிந்த காலையில் வேண்டாம், ஒரு தூக்கம் தூங்கி எழும்பிய பிறகு. போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள். திகதி போடுங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொன்று நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். 1, 4, 15, 17, 29 இந்த ஐந்தையும் பென்சிலால் முதலிலேயே வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய மூன்று பிரதி எச்.ஓ. குவாட்டர்ஸில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்து லாச்சியில் இருக்கிறது, அதில் ஒன்றில் மட்டும் பிளேன்டிக் கறை.